தாசையன் மற்றும் பலர்

பதவி உயர்வுப் படிவத்தின் பதினொன்றாம் பக்கம்
இரண்டு எண்கள் கேட்கிறது:
எத்தனை எழுதினேன்,
அவற்றை எத்தனை பேர் எடுத்தாண்டார்கள்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் லாரிகள் ஏறும் அதிர்வு
ஆய்வகக் குடுவைகளில் வந்து நிற்கிறது.
மணி ஏழே கால்.
உதவியாளர் வில்பிரட் சாவிக்கொத்தோடு
இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

தேடினால் நான் இரண்டு பேராக இருக்கிறேன்.
ஞானசெல்வி டி. என்றொருத்தி.
ஆறு கட்டுரை, எடுத்தாண்டவர் நால்வர்,
அதில் மூவர் என் மாணவர்கள்.
மற்றது என் அப்பா.

அயல்நாட்டு இதழொன்று
முதலெழுத்தை விரித்துத் தா என்றது.
விரித்தேன்.
கடைசியில் நிற்பதைக் குடும்பப்பெயர் என்று
எடுத்துக்கொண்டது.
பேச்சிப்பாறை வண்டியில் இருபத்தாறு வருடம்
விசில் ஊதிய நடத்துநர் தாசையன்
அன்றிலிருந்து உயிர்வேதியியலாளர்.
பதினேழு கட்டுரை. தொண்ணூற்றொரு மேற்கோள்.
எச்-குறியீடு ஐந்து.
செத்து ஒன்பது வருடமாகியும்
ஏறிக்கொண்டே இருக்கிறார்.

இருவரையும் ஒன்றாக்கக் கேட்டு எழுதினேன்.
ஒரே ஆள் என்பதற்குச் சான்று அனுப்புக என்றார்கள்.

எனக்குப் பிடித்தது
ரப்பர் பால் உறைவதைத் தள்ளிப்போடும்
ஒரு நொதியைப் பற்றியது.
மூன்று வருட வேலை.
அதை யாரும் தொடவில்லை.

தொண்ணூற்றொன்றில் அறுபத்துநாலு
ஒரே கட்டுரைக்கு:
வேர்க்கிளம்பிச் சந்தையில் வாங்கிய மரச்சீனி,
வெட்டி உலர்த்தியபின் அதில் மிஞ்சும் சயனைடு.
கிலோவுக்குப் பதினெட்டு மில்லிகிராம்.
அந்தப் பதினெட்டை எடுத்து
இவர் அவரிடமும் அவர் இன்னொருவரிடமும் கொடுத்து
'ஏற்கெனவே அறியப்பட்டபடி' என்று எழுதி
அடைப்புக்குறிக்குள் அப்பாவை உட்காரவைத்தார்கள்.
ஒருவரும் கிழங்கு வாங்கவில்லை.

கானாவில் ஒருத்தி வாங்கினாள்.
அபேனா என்று பெயர்.
என் பதினான்கு படிகளையும் ஒவ்வொன்றாக ஏறினாள்.
நான் சொல்ல விட்டுப்போன சல்லடையின் கண்ணளவைக்கூட
என் வரைபடத்திலிருந்து கண்டுபிடித்திருந்தாள்.
அவளுக்கு முப்பத்தொன்று வந்தது.
'தாசையனின் அளவு மிகக் குறைவு.
காரணம் விளங்கவில்லை.'

எனக்கு விளங்கும்.
அது இடவப்பாதி மழை. தக்கலைப் பக்கம் மரம் விழுந்து
ஆறு மணிநேரம் கரண்டு இல்லை.
குளிர்பெட்டியைத் திறந்தபோது
தட்டில் வெள்ளம் தேங்கிக் கிடந்தது.
கசப்பு பாதாம் வாசம், லேசாக.
பாதிப்பேருக்கு அது தெரியாது என்பார்கள்,
எனக்குத் தெரியும்.
நஞ்சு காற்றோடு போயிருந்தது.
எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.
'மாதிரிகள் நான்கு டிகிரியில் வைக்கப்பட்டன.'
பொய்யில்லை,
அந்த ஆறு மணிநேரம் தவிர.

மறுப்பும் ஒரு மேற்கோள்தான்.
அப்பாவுடையது தொண்ணூறு,
அவளோடு தொண்ணூற்றொன்று,
என்னுடைய நாலு,
ஆகத் தொண்ணூற்றைந்து.
என்னை முழுக்க வாசித்த ஒரே ஆளையும்
மற்றவர்களோடு கூட்டிக்
கட்டத்துக்குள் போட்டேன்.

மூன்று ரூபாய் உதைத்ததற்காக
டிப்போவில் வேபில்லை விரித்து
ராத்திரி பதினொன்றரை வரை
டிக்கெட் எண்ணிய மனுஷன்.
உலகம் முழுக்க இப்போது
அவர் கணக்கில் பதிமூன்று குறைகிறது.

திருத்தக் கடிதம் தொடங்கினேன்.
பெயர் கேட்ட இடத்தில்
ஞானசெல்வி என்று அடித்தேன்.
'மூலக் கட்டுரையோடு பொருந்தவில்லை'
சிவப்பில் வந்தது.
தாசையன் என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

வில்பிரட் மூன்றாம் முறை வந்தார்.
"மேடம், திருவட்டார் வண்டி போயிரும்."

திருத்தமும் ஒரு வெளியீடு
என்கிறது படிவத்தின் அடிக்குறிப்பு.
இருபத்துமூன்றை அழித்து
இருபத்துநான்கு என்று போட்டேன்.
அதையும் அழித்தேன்.
எழுந்துபோய்க்
குளிர்பெட்டியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று
பார்த்துவிட்டு வந்தேன்.